சித்தூர்ச் சீமையில் வெள்ளமும் உதவியும்



ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலில் தாழ்வழுத்தம் தோன்றியிருப்பதாக வானொலி அறிவிக்கும்பொழுது, தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் குடியேறி வாழும் நம்மவர் மனம் ஒரு கணம் ஊரை நோக்கி ஓடுகிறது. நாகப்பட்டினத்தையோ கடலூரையோ சேர்ந்தவர்கள் அஞ்சுவது இயல்பே. சித்தூர்ச் சீமையைச் சேர்ந்த நாமும் அஞ்சுவதைக் கண்ட அலுவலக நண்பர் ஒருவர், "உங்கள் ஊருக்குக் கடலே இல்லையே, ஐயா! புயல் உங்களை என்ன செய்யும்?" என்று எம்மைக் கேட்டதுண்டு.

கேள்வி நியாயமானதே. புயல் கரையேறியதும் காற்றின் வேகம் தணிந்துவிடும். மேகத்தின் சுமையோ குறைவதில்லை. அது மேற்கே நகர்ந்து நகரி மலைகளிலும் சேஷாசலத் தொடரிலும் மோதி, ஓரிரு நாளில் ஒரு பருவத்தின் மழையை அங்கே இறக்கிவிடுகிறது. மலையடிவாரத்து ஊர்களிலே ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்து அமைந்துள்ளன. மேலேரியின் கலங்கல் வழிந்தால் அந்நீர் கீழேரிக்குச் செல்லும். நல்ல ஆண்டில் இது வரம். மேலேரியின் கரை உடைந்துவிட்டாலோ, அந்த வெள்ளத்தைத் தாங்கமாட்டாமல் அடுத்த ஏரியும், அதற்கடுத்த ஏரியும் உடையும். ஆகவே நம் சீமையில் புயல் என்பதற்கு மக்கள் வழக்கிலே பொருள், ஏரி உடைந்தது என்பதே. (2022 ஏப்ரல் 4 ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானபொழுது, நெல்லூரைச் சார்ந்திருந்த சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதனோடு இணைந்தன. கடலில்லாத நமக்கு அரசாணை ஒன்றினாலே கடலும் வந்து சேர்ந்தது!)

ஏரி உடைந்த பின்னர் யார் வந்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எந்தப் பெயரால் கொடுத்தார்கள் என்பதே இன்று நாம் பார்க்க இருப்பது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்குச் சொற்களின் மீதே கண் செல்லும். அதனை நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

பழங்காலத்திலிருந்து தொடங்குவோம். திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விஜயநகர வேந்தர் காலத்தில், அதாவது 15, 16 ஆம் நூற்றாண்டுகளில், அரசரும் அதிகாரிகளும் வணிகரும் பெருமாளுக்குப் பொன்னாகக் கொடுத்த பொருளைக் கோயிலார் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. திருவிடையாட்டம் என்று வழங்கிய கோயில் ஊர்களிலே அதனைக்கொண்டு ஏரிகளைச் செப்பனிட்டனர்; கால்வாய்களை வெட்டினர். அதனால் மிகுதியாக விளைந்த நெல்லிலிருந்து திருப்பணியாரமும் தளிகையும் நடந்தன. பொருள் கொடுத்தவருக்குப் பிரசாதத்திலே ஒரு பங்கு உண்டு. 'விட்டவன் விழுக்காடு' என்று கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன. பக்தியும் பாசனமும் ஒரே கணக்கிலே எழுதப்பட்ட காலம் அது. கரை பழுதுற்றால் கோயிலின் வருவாயும் பழுதுறும் ஆதலின், கரையைக் காப்பதில் கோயிலுக்கே தன்னலம் இருந்தது.

கோயில் ஊர் அல்லாதவிடங்களில் தசபந்தம் என்னும் மானியம் இருந்தது. ஏரியைக் கட்டியவர் அல்லது பழுது பார்ப்பவர், அதற்கு ஈடாக நிலத்தையோ தீர்வையில் ஒரு பகுதியையோ அனுபவிப்பார். இது நில உடையவருக்கும் அரசுக்கும் இடையே அமைந்த ஏற்பாடு. மண்வெட்டியும் கூடையும் பிடித்தவர்களைப் பற்றி அந்த ஏட்டில் அதிகம் காண இயலாது.

அவர்களைப் பற்றி முதன்முதலாகச் சட்டம் வாய் திறந்தது 1858 இல். கம்பெனி ஆட்சி முடிவுறும் தறுவாயில், சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் அபாயம் நேர்ந்தால், பொறுப்பதிகாரி அண்டை ஊர்களின் தலைவர்களுக்குச் சொல்லியனுப்பலாம். அவர்கள் ஊரிலுள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலிமையுள்ள ஆடவர் அனைவரையும் கரைக்கு அழைக்கலாம். வராதவர் தண்டனைக்குரியவர். 'உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த' என்னும் அடைமொழியை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஏரி நீரால் நெல் விளைவித்துப் பயன் பெறுபவர் மிராசுதாரர். நள்ளிரவில் மழையில் நின்று கரையைக் காக்கக் கடமைப்பட்டவரோ, அந்த ஏரியின் கீழ் ஒரு குழி நிலமும் இல்லாதவர். சட்டம் இயற்றியவர்கள் இதனை அநீதியென்று கருதவில்லை. ஊர் வழக்கம் அவ்வாறே இருந்தது. அதனை அவர்கள் அச்சில் ஏற்றினார்கள், அவ்வளவே.

கடமை இவ்வாறு பகிரப்பட்டிருக்க, உதவி எவ்வாறு பகிரப்பட்டது? இவ்விடத்தில்தான் 'தக்காவி' என்னும் சொல் வருகிறது. இன்றைய இளைஞர்கள் இதனைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். எம் பாட்டனார் தலைமுறைக்கு அது வீட்டுச் சொல். வலுவூட்டுதல் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழியாகப் பாரசீகத்துக்கும், முகலாயர் ஆட்சியின் வருவாய்க் கணக்குகளுக்கும், பிறகு நம் தாலுகா கச்சேரிக்கும் அது வந்து சேர்ந்தது. சோர்ந்த குடியானவனுக்கு விதையும் மாடும் வாங்கக் கொடுக்கும் கடன் அது.

1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருஷப் பஞ்சத்திலே, அன்றைய வடஆர்க்காடு ஜில்லாவும் கடப்பை ஜில்லாவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. நம் சித்தூர்ச் சீமை அப்பொழுது இவ்விரண்டிலும் பிரிந்து கிடந்தது. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டதும், அதனால் உயிர் தரிக்க முடியாதென்று மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்ததும் வரலாற்றில் நிலைத்துவிட்ட வழக்கு. அந்தப் பேரழிவுக்குப் பின்னர் 1880 இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. பஞ்ச விதித் தொகுப்புகள் உருவாயின. 1883 இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும், 1884 இல் விவசாயிகள் கடன் சட்டமும் நிறைவேறின. பின்னைய சட்டமே வெள்ளத்துக்கும் பயன்பட்டது. துயர் தீர்க்கவும் விதையும் கால்நடையும் வாங்கவும் அதன்கீழ்க் கடன் கொடுக்கலாம். யாருக்கு? உழுநிலத்தின் உரிமையாளருக்கும் அனுபவதாரருக்கும். கூலிக்கு ஏர் பிடித்தவனுக்கும், கரையில் மண் கொட்டியவனுக்கும் அதில் இடமில்லை. இடமிருந்தாலும் அது கடனே. தவணை தவறினால் நிலத்தீர்வை நிலுவை போலவே வசூலிக்கப்படும்.

1903 நவம்பர் 12 ஆம் நாள் பாலாற்றிலே பெருவெள்ளம் வந்து வாணியம்பாடியைச் சூறையாடியது. மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் அடுத்தடுத்து உடைந்ததே அதற்குக் காரணம். குப்பத்துப் பக்கம் நம் சீமையைத் தொட்டுக்கொண்டு செல்லும் அதே ஆறுதான். ஓர் ஆட்சியின் எல்லைக்குள் ஏரி உடைய, மற்றோர் ஆட்சியின் குடிகள் மாண்டார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1911 இல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி நேயர்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதனை ஈண்டு விரிக்கவில்லை. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. மொழியைக்கொண்டு எல்லை வகுத்தவர்கள் ஆற்றைக்கொண்டு வகுக்கவில்லை. பிச்சாட்டூர் அணையிலிருந்து திறந்துவிடும் நீர் ஆரணியாற்றின் வழியே ஊத்துக்கோட்டைக்கு வருகிறது. கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் நிரம்பினால் கொசத்தலையாற்றின் வழியே பூண்டி நிரம்புகிறது. மழை ஒன்று, ஆறு ஒன்று, அரசாங்கம் இரண்டு.

புதிய மாநிலத்திலும் பழைய விதிகளே நெடுங்காலம் நீடித்தன. ஆந்திரத்தை உலுக்கியெழுப்பியது 1977 நவம்பர் 19 ஆம் நாள் கிருஷ்ணா ஜில்லாவின் திவிசீமையைக் கடல் விழுங்கிய நிகழ்ச்சி. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓரிரவில் மாண்டனர். அதன் பின்னர்தான் புயல் காப்பிடங்களும், முன்னறிவித்து மக்களை அப்புறப்படுத்தும் முறையும் அக்கறையுடன் வளர்ந்தன. 1990 இல் ஒன்பதாம் நிதிக் கமிஷனின் பரிந்துரைப்படி பேரிடர் நிவாரண நிதி தோன்றியது. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு மத்திய அரசாங்கமும் இருபத்தைந்து பங்கு மாநிலமும் இடவேண்டும் என்று ஏற்பட்டது. தக்காவி மெல்ல மறைந்தது. அதனிடத்தில் திருப்பித் தரவேண்டாத தொகை ஒன்று வந்தது. அதற்குத் தமிழிலே 'கருணைத் தொகை' என்று பெயர்.

இந்தப் பெயரை எழுதும்பொழுதெல்லாம் எம் பேனா சற்றே தயங்கும். இலத்தீன் மூலச் சொல்லுக்கு 'தயவினால்' என்பதே பொருள். ஆகவே மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் தயவு என்றால் அது கொடுப்பவர் விருப்பம், கேட்பவருக்கு வழக்கில்லை. 2005 இல் நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு, நிவாரணத்தின் குறைந்த அளவுகளைத் தேசிய ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்று கூறி, உறையுள், உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றோடு, உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் பிழைப்பை மீட்பதற்கும் உரிய கருணைத் தொகையையும் அப்பட்டியலில் சேர்த்தது. தயவு என்னும் பெயரும் 'வேண்டும்' என்னும் வினைமுற்றும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிட்டன! இவ்விரண்டில் எது வலிமையுடையது? கொரோனா நோயால் மாண்டவர்களின் குடும்பங்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் இக்கேள்வி எழுந்தது. 'வேண்டும்' என்பதை 'செய்யலாம்' என்றே கொள்ளவேண்டும் என அரசாங்கத் தரப்பு வாதாடியது. 2021 ஜூன் 30 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 'வேண்டும்' என்றால் வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். தொகையை நிர்ணயிப்பது ஆணையத்தின் பொறுப்பு. நிர்ணயிக்காமலே விடுவதற்கு உரிமையில்லை. எம்மைப் போன்ற சொல்வேலைக்காரருக்கு அன்று ஒரு திருநாள்.

ஐந்து மாதம் கழியுமுன்னே நம் சீமைக்குச் சோதனை வந்தது. 2021 நவம்பர் 18 ஆம் நாள் திருமலையில் மழை கொட்டத் தொடங்கியது. மறுநாள் விடியற்காலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. புயலென்று பெயர் பெறும் அளவுக்கு அது வலுப்பெறவில்லை. ஆயினும் நாம் முன்பு சொன்னபடி அதன் சுமை மலையில் இறங்கியது. மலைப்பாதைகள் மூடப்பட்டன. கபில தீர்த்தத்து அருவி கண்டோர் அஞ்சும்படி வீழ்ந்தது. திருப்பதி நகரின் தெருக்கள் கால்வாய்களாயின. பொன்முகலி என்று முன்னோர் பாடிய சுவர்ணமுகி, ஆண்டு முழுவதும் மணலாய்க் கிடப்பது, கரையோர வீடுகளைச் சரித்துக்கொண்டு ஓடியது. தரிசனத்துக்கு வந்து திரும்ப வழியின்றி நின்ற யாத்திரிகர்களுக்குத் தேவஸ்தானம் தங்குமிடமும் உணவும் அளித்தது. நம் மலைகளிலே பெய்த மழை பாகுதா, பிஞ்சா ஆறுகளின் வழியாகச் செய்யேற்றில் இறங்கி, 19 ஆம் நாள் காலையில் கடப்பை மாவட்டத்து அன்னமய்யா அணையின் மண்கரையை உடைத்தது. ராஜம்பேட்டைப் பக்கத்து ஊர்களில் பலர் மாண்டனர்.

அந்த வாரத்தின் முழுக் கதையையும் சொல்ல நேரமில்லை; ஆயினும் ராயலசெருவைச் சொல்லாமல் விடலாகாது. திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் இரு குன்றுகளுக்கிடையே அமைந்த பேரேரி அது. கிருஷ்ணதேவராயர் காலத்துப் பணி என்பது மரபு. நவம்பர் 21 ஆம் நாள் அதன் கரையில் நீர் கசிவது காணப்பட்டது. கீழேயுள்ள ஊர்களைக் காலிசெய்யும்படி அதிகாரிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டும், கிழவர்களைத் தூக்கிக்கொண்டும் மேட்டுக்கு ஏறினர். கசிந்த இடத்தில் மணல்மூட்டைகள் அடுக்கப்பட்டன. பொறியியல் வல்லுநர் வந்து பார்த்தனர். கலங்கல் வழியே நீர் மெல்லக் குறைக்கப்பட்டது. கரை நின்றது. 1858 இன் சட்டத்தை அங்கே யாரும் நினைக்கவில்லை, அழைப்பாணையும் தேவைப்படவில்லை. மூட்டை சுமந்தவர்களில் அரசு ஊழியரும் இருந்தனர், ஊராரும் இருந்தனர். சுமந்தவர் இன்ன வகுப்பினர் என்று எந்த ஆணையும் கட்டளையிடவில்லை என்பதை நாம் மனநிறைவோடு குறிக்கிறோம்.

வெள்ளம் வடிந்ததும் கணக்கெடுப்பு தொடங்கியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரிசி முதலிய பண்டங்களும் 2,000 ரூபாயும் வழங்க மாநில அரசாங்கம் ஆணையிட்டது. பெரிய தொகைகளுக்கு அன்று நடைமுறையிலிருந்த மத்திய அரசாங்க அளவுகள் உண்டு. உயிரிழப்புக்கு நான்கு இலட்சம். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500, மானாவாரிக்கு 6,800. சமவெளியில் முற்றும் இடிந்த வீட்டுக்கு, அது காரைக்கட்டாயினும் மண்சுவராயினும், 95,100. இடிந்தது குடிசையென்றாலோ 4,100. (2022 இல் இந்த அளவுகள் உயர்த்தப்பட்டன, வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000 என்றாயிற்று.)

இங்கேதான் சொல்லின் வலிமையைக் காணவேண்டும். கூரை வேய்ந்த மண்சுவர் வீடு ஒன்று ஆற்றில் போயிற்று. அதனைப் பார்த்து எழுதுபவர் மண்வீடு என்று எழுதினால் ஒரு தொகை. குடிசை என்று எழுதினால் மற்றொரு தொகை. இரண்டுக்கும் இடையே 91,000 ரூபாய். ஏரிப் புறம்போக்கிலும் கால்வாய்க் கரையிலும் வாழும் யானாதிக் குடும்பங்களைப் பொறுத்தவரை, வீடு இருந்த இடமே அடித்துச் செல்லப்பட்ட பிறகு எழுதுபவர் எதைப் பார்த்து எழுதுவார்?

குத்தகைக்குப் பயிரிடுபவர் நிலையும் இத்தகையதே. 2019 இல் ஆந்திரப் பிரதேசம் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டத்தை இயற்றி, நில உரிமையாளரோடு பதினொரு மாத ஒப்பந்தம் செய்துகொண்டவருக்கு அட்டை வழங்க வழி செய்தது. பயிர்ச் சேதத் தொகை உண்மையில் பயிரிட்டவருக்கே சேரவேண்டும் என்பது அதன் நோக்கம். 1884 இன் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது நெடுந்தூரம் வந்த வழி. ஆயினும் உரிமையாளர் கையெழுத்திட வேண்டுமே! கையெழுத்திட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சுவோர் பலர். வாய்ச்சொல்லால் நடக்கும் குத்தகையில் பயிர் ஒருவருடையது, பட்டா மற்றொருவருடையது. தொகை பட்டாவை நாடியே செல்லும்.

எம் குடும்பத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். புத்தூர்ப் பக்கத்தில் எம் அத்தையார் கைத்தறி நெய்து பிழைப்பவர். குழித்தறி அது. தொடர்மழையில் வீடு இடியவில்லை, கூரையும் நின்றது, குழியிலே நீர் ஊற்றெடுத்து நிறைந்துவிட்டது. பாவு நனைந்து போயிற்று. மிதிகட்டைகள் ஊறி வளைந்தன. கணக்கெடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்து, வீட்டுக்குச் சேதமில்லை என்று எழுதிக்கொண்டு சென்றுவிட்டார். அத்தையார் தொலைபேசியில் எம்மிடம் சொன்னார்: "வீடு நிக்குதுப்பா, அதான் எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

மத்திய அரசாங்க அளவுகளில் கைத்தறி, கைவினைத் தொழிலாளரின் கருவிச் சேதத்துக்கும், வீணான மூலப்பொருளுக்கும் தனித்தனியே உதவி உண்டு. அதனை நாம் அறிந்திருந்தோம், அத்தையார் அறிந்திருக்கவில்லை, வந்தவரும் அறிந்திருந்ததாகத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் அச்சாகி, அலுவலகத்துக் கோப்பில் இருக்கும் உரிமை, தறிக்குழி வரை இறங்குவதற்குள் பல படிகள் உள்ளன. அப்பகுதியின் நெசவாளரில் கணிசமானோர் வீட்டிலே தமிழ் பேசி, அலுவலகத்தில் தெலுங்கில் மனு எழுதுபவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டிய செய்திக்கு வருவோம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே கடலில் ஊர்ந்து, நெல்லூர்க் கரையை ஒட்டியே வடக்கே சென்று, 5 ஆம் நாள் பாபட்லாவுக்கு அருகே கரையேறியது. திருவள்ளூர் மாவட்டமும் திருப்பதி மாவட்டமும் ஒரே மழையில் நனைந்தன. தமிழ்நாட்டு அரசாங்கம் சென்னையையும் அண்டை மாவட்டங்களையும் சேர்ந்த குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் அளித்தது. எல்லைக்கு அப்பால் அளவு வேறு, பட்டியல் வேறு. ஆரணியாற்றின் மேற்கரையூரில் பெண் கொடுத்து, கீழ்க்கரையூரில் பெண் எடுத்த குடும்பங்கள் இதனைச் சம்பந்தி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கும். யார் கொடுத்தது நியாயம் என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆற்றுக்கு ஒரே கணக்கு இருக்கையில், அதன் கரையில் வாழ்வோருக்கு இரு கணக்குகள் இருப்பது 1903 இலிருந்து அவ்வளவாக மாறிவிடவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

வெளிமாநிலத்திலே வாழும் நேயர்களுக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. நாடெங்கும் ஒரே குடும்ப அட்டை என்னும் திட்டத்தினால் ஊரில் பெற்ற அட்டைக்குத் தானியத்தை வேறு மாநிலத்திலும் வாங்கிக்கொள்ளலாம். வெள்ள நிவாரணம் அவ்வாறன்று. குடும்பம் வாழுமிடத்தையும் அங்கே எடுக்கும் கணக்கையும் பற்றி நிற்பது அது. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்களும், முதிய பெற்றோரை மட்டும் அங்கே விட்டு வந்தவர்களும், கணக்கெடுக்கும் நாளில் வாசலில் நின்று பேச ஆள் வைத்திருப்பது நலம். ஆந்திரத்தில் 2019 இல் தோன்றிய கிராமச் செயலகங்களிலே பயனாளர் பட்டியலை ஒட்டி வைத்து, ஆட்சேபங்களையும் விடுபட்ட பெயர்களையும் கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே சென்று நின்றாலே விடுபட்ட சில பெயர்கள் உள்ளே வந்துவிடும்.

எம் அத்தையாருக்காக அண்டை வீட்டுப் பள்ளி ஆசிரியை ஒருவர் சென்று நின்றார். தெலுங்கில் மனுவும் அவரே எழுதினார். நாம் இங்கிருந்து விதியின் எண்ணையும் வாசகத்தையும் எழுதியனுப்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தெருவார் நால்வர் சேர்ந்து வாளியால் குழிநீரை இறைத்து, மிதிகட்டைக்கு வேறு மரம் தேடிக் கொடுத்திருந்தனர். அதற்கு எந்தப் பட்டியலும் இல்லை. இரண்டாம் பட்டியலில் அத்தையாரின் பெயர் வந்தது. மலையில் வெள்ளத்தால் சிதைந்த ஸ்ரீவாரி மெட்டுப் படிப்பாதை செப்பனிடப்பட்டு 2022 மே மாதம் 5 ஆம் நாள் திறக்கப்பட்டபொழுது, அவர் அதன் வழியே நடந்து ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்ததாகக் கடிதம் எழுதினார். தறிக்குழியின் ஒரு மூலையில் இன்னும் ஈரம் இருப்பதாகவும், ஆடி மாதத்துக்குள் அதற்குச் சிமிட்டி பூசவேண்டும் என்றும் அதே கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார்.